அம்மாவுக்கு எந்தக் காலம்?

தல்லாகுளம், மதுரை.

மாப்பிள்ளை,

அம்மாவின் பதினாறாம் நாளுக்கு நீ வந்துபோன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. சர்க்கரை எப்படி இருக்கிறது? மறுபடி ஜிலேபி ஆரம்பித்துவிட்டாயாமே. இரு, தங்கச்சிக்கே போன் போடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டல்லாஸில் இருக்கும் பேத்திக்குத் தமிழ் படிக்க வராது. பூட்டியைப் பற்றி இங்கிலீஷில் எழுதி அனுப்பச் சொன்னாள். நான்கு பக்கம் எழுதினேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொள்கிறாள், இரண்டு இரண்டாக மல்லிகையை வைத்து முடிச்சிடுகிறாள் என்று எல்லாமே நிகழ்காலம். மகள் படித்துவிட்டு, "அப்பா, அப்பத்தாதான் போயிட்டாங்களே, எல்லாத்தையும் வாஸ்னு மாத்துங்க" என்றாள். மாற்றினேன். படித்துப் பார்த்தால் வரிக்கு வரி அம்மாவைத் திரும்பத் திரும்பச் சுடுகாட்டுக்கு எடுப்பது போல இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஒரு வாரமாக இதே யோசனைதான். வைகை மேலே இருக்கும் ஏ.வி. பாலம் 1889-இல் திறந்தது, இன்றும் நிற்கிறது. அதற்கு 'இஸ்'. 'வாஸ்' போட்டால் இடித்துவிட்டார்கள் என்று பேத்தி நினைப்பாள். தங்கம் தியேட்டருக்கு 'வாஸ்'. நாம் முறுக்கு தின்ற இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. இதிலெல்லாம் குழப்பமே இல்லை. அந்தப் பாலத்தில் அம்மா நடந்ததை எழுதும்போதுதான் கை நின்றுவிடுகிறது.

நாம் எப்படிச் சொல்வோம்? "அம்மா விடியக்காலையில் பூக் கட்டுவாள்." வடிவம் எதிர்காலம், சொல்வதோ முடிந்துபோன வழக்கம். நாளைக்கும் கட்டுவாள் போல ஒரு ஆறுதல் அதில் இருக்கிறது. இங்கிலீஷில் அதற்குக் கிட்டத்தில் வருவது 'வுட்'. நம்ம சார் பிரம்பால் மேசையைத் தட்டிச் சொல்வாரே, நீதான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாய்: பழக்கமாகச் செய்ததற்கு 'வுட்' வரும், குடியிருந்தாள், நீள முடி இருந்தது என்பதற்கெல்லாம் வராது, அங்கே 'யூஸ்டு டு'. பூக் கட்டுவதை 'வுட்' ஆக்கியதும் மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் எல்லா வரியிலும் வந்தால் காது புளித்துவிடும். ஒன்றிரண்டு போட்டுவிட்டு, அப்புறம் சாதாரண இறந்தகாலத்துக்குப் போய்விட்டேன்.

மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவை மட்டும் நிகழ்காலத்திலேயே விட்டிருக்கிறேன். எனக்கு ஆறு வயது. கூட்டத்தில் என் கை நழுவுகிறது. சுற்றிலும் சர்க்கரைச் சொம்புகள், மேலே எரியும் கற்பூரம். எங்கிருந்தோ அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது, அதற்குப் போய் எப்படி 'வாஸ்' போடுவேன்? இரண்டு காலம் கலக்கலாமா என்று மகள் கேட்கிறாள். ஒரே பத்திக்குள் முன்னும் பின்னும் போனால் தப்புதான். இது தனிப் பத்தி. அடுத்த பத்தியில் திரும்பிவிடுகிறேன்.

கடைசி வரிதான் பாக்கி. "அவள் என் அம்மா." நமக்கு இதில் வினைச்சொல்லே கிடையாது, காலமும் கிடையாது. இங்கிலீஷில் 'இஸ்' அல்லது 'வாஸ்', ஏதாவது ஒன்று வைத்தே ஆகவேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டு நான்கு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் கையால் சாப்பிட்டவன் நீ. பென்சிலால் எழுதி அனுப்பு.

உன்,
தல்லாகுளத்தான்