தட்டிய பின் நிற்கும் நாதம்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்

அன்புள்ள சரோஜாவுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிம்மதி அடைந்தது. இங்கே எல்லாரும் நலம். பேத்தி இவ்வாண்டு ஐந்தாம் கிரேடு தேர்வுக்கு ஆயத்தமாகிறாள். மற்ற செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். நீ கேட்டிருக்கும் கேள்விக்கு விடை எழுதவே இந்தத் தாள்கள் போதுமோ என்னவோ.

உங்கள் சங்கத்தின் 200 இருக்கை அரங்குக்கு உயர்தரமான கிராண்ட் பியானோ ஒன்றை வாங்கித் தர நன்கொடையாளர் ஒருவர் முன்வந்திருக்கிறார் என்றும், எந்தப் பெயரை அவரிடம் சொல்வது என்றும் கேட்டிருந்தாய். நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள் என்ற துணிச்சலில் நினைவிலிருந்து பதில் எழுதிவிடலாம்; ஆனால் காதின் நினைவு நம்பத்தக்கது அன்று. ஆகவே இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கி, என் பழைய மாணவி ஒருத்தியையும் என் வீட்டுப் பியானோவைப் பார்த்துக்கொள்ளும் டியூனரையும் அழைத்துக்கொண்டு, இங்குள்ள விற்பனைக்கூடங்களில் மூன்றுக்குப் போய் வந்தேன்.

ஒப்பிடுவதென்றால் வாசிக்கும் விரல், வாசிக்கும் பகுதி, மூடியின் உயரம், கேட்பவர் அமரும் தொலைவு ஆகிய அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் அறையையும் வாசிப்பவரின் அன்றைய மனநிலையையுமே ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். மாணவியை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் பத்தடி தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்தேன். பெரிய உருப்படி எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. அடிக் கட்டைகளில், அடுத்தடுத்த இரு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக வாசிக்கும் டிரில் ஒன்று, மிக மெல்லியதாக; நடு ஸ்தாயியில் அவசரமில்லாமல் ஏறி இறங்கும் எட்டுச் சுரங்கள், பிறகு மேலே ஒற்றைச் சுரத்தைத் தட்டி, விரலை எடுக்காமல், அது அடங்கும் வரை காத்திருத்தல். இந்தக் கடைசிச் சோதனைக்கு டியூனர் குறித்துக் கொடுத்த இடம் நடு 'சி'க்கு மேல் ஒன்றரை ஸ்தாயி தாண்டிய பகுதி. 'கில்லர் ஆக்டேவ்' என்று அவர்கள் தொழிலில் அழைக்கும் இடம் அதுதான். அங்கே தந்தி குறுகியது; தந்தியின் அதிர்வைப் பெருக்கும் மரப்பலகையான ஒலிப்பலகையின் வளைவு தளர்ந்தால் முதலில் காட்டிக்கொடுக்கும் இடம் அது என்றார். சுமாரான பியானோ அங்கே மரக்கட்டையில் தட்டிய ஓசையோடு அணைந்துவிடும். நல்ல பியானோ அங்கேயும் பாடும்.

முதலில் ஸ்டைன்வே. 274 சென்டிமீட்டர் நீளமுள்ள 'டி' மாடலும், 211 சென்டிமீட்டர் 'பி' மாடலும் அருகருகே இருந்தன. நியூயார்க்கில் 1853இல் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு ஹாம்பர்க்கில் 1880 முதல் இன்னொரு தொழிற்சாலை உண்டு. நம் பக்கத்து அரங்குகளில் நாம் கேட்டு வளர்ந்தவை பெரும்பாலும் ஹாம்பர்க்கில் செய்தவை. அதன் வளைந்த உடல், கெட்டியான மரத்தின் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒரே மூச்சில் வளைத்துச் செய்யப்படுவது. அந்த உடல் அசைய மறுக்கிறது. தந்தி கொடுத்த அதிர்வை உடல் தின்றுவிடாமல் ஒலிப்பலகைக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் ஸ்டைன்வேயில் சுரம் தட்டிய கணத்துக்குப் பிறகு ஒரு சிறு பொழுது விரிகிறது போலக் கேட்கிறது. மேல் ஸ்தாயியில் பட்டின் மினுக்கம் போன்ற ஒன்று தெரிந்ததே, நினைவிருக்கிறதா? தந்தியைத் தாங்கி அதிர்வை ஒலிப்பலகைக்குக் கடத்தும் குதிரையைத் தாண்டி எஞ்சியிருக்கும் சிறு துண்டுத் தந்தியும் சுருதியோடு சேர்ந்து அதிரும்படி நீளம் கணக்கிட்டு அமைத்திருக்கிறார்கள். 1872இல் தியோடர் ஸ்டைன்வே காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது.

அடுத்து பொசென்டார்ஃபர். இங்கே நான் சற்று நேரம் நிற்க வேண்டும், ஏனெனில் என் மனம் நின்ற இடம் இது. வியன்னாவில் 1828இல் இக்னாஸ் பொசென்டார்ஃபர் தொடங்கிய நிறுவனம். 2008 முதல் யமஹாவுக்குச் சொந்தம் என்றாலும் பியானோ செய்வது இன்றும் ஆஸ்திரியாவில்தான். அவர்கள் ஸ்டைன்வேக்கு நேர் எதிரான வழியை நம்புகிறார்கள். ஒலிப்பலகைக்குப் பயன்படும் அதே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தையே உடலுக்கும் பெருமளவில் பயன்படுத்தி, பெட்டி முழுவதையும் அதிரவிடுகிறார்கள். நம் தஞ்சாவூர் வீணையில் குடத்தையும் தண்டியையும் ஒரே பலாமரத்தில் குடைந்து செய்யும் ஏகாண்ட வீணையை உயர்வாகச் சொல்வார்களே, அந்த நம்பிக்கைக்கு இது உறவு என்று எனக்குத் தோன்றியது. மாணவி அடியில் டிரில் வாசித்தபோது, ஸ்டைன்வேயில் அது தூரத்து இடி போல ஒன்றாகத் திரண்டு வந்தது. பொசென்டார்ஃபரில் இரு சுரங்களும் தனித்தனியே, இருட்டில் இரண்டு அகல்விளக்குகள் போலத் தெரிந்தன. மந்தர ஸ்தாயி இவ்வளவு தெளிவாகவும் இவ்வளவு கனிவாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று நான் அதுவரை அறிந்ததில்லை.

அவர்களுடைய 'இம்பீரியல்' 290 சென்டிமீட்டர் நீளம், 88க்குப் பதிலாக 97 கட்டைகள். இசையமைப்பாளர் பாக்கின் ஆர்கன் இசையைப் பியானோவுக்கு எழுதிய புசோனி, ஆர்கனின் ஆழத்தைத் தொட வேண்டும் என்று கேட்டதன் பேரில் பிறந்த கருவி அது. கூடுதல் கட்டைகள் கறுப்பாகவே இருக்கும், இடக்கை தடுமாறாமல் இருப்பதற்காக. அந்த அடித் தந்திகளை யாரும் வாசிக்காவிட்டாலும் பெடலை மிதித்தவுடன் அவையும் சேர்ந்து முனகுகின்றன. அதில் கொஞ்சம் அந்தக் கனிவின் இரகசியம் இருக்கிறது.

ஆனால் சரோஜா, என்னை இரண்டு சனிக்கிழமைகளும் யோசிக்க வைத்தது பெயர்களைக் காட்டிலும், தட்டிய பின் சுரம் நீண்டு நிற்கும் அந்தக் கார்வைதான். தட்டிய கணம் எல்லா உயர்தரப் பியானோக்களிலும் சிறப்பாகவே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கணத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியவில்லை. அடுத்த மூன்று, நான்கு விநாடிகளில்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைச் சொன்னது. டியூனர் இதற்குக் காரணத்தை விளக்கினார். பியானோவின் பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று தந்திகள். சுத்தியல் தட்டியவுடன் மூன்றும் ஒன்றாக ஏறி இறங்கிக் குதிரையைச் சேர்ந்து தள்ளுவதால் ஒலி பலமாக எழுந்து விரைவில் குறைகிறது. மூன்றின் சுருதிக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருப்பதால் சிறிது நேரத்தில் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. குதிரையின்மீது இழுப்பு குறைந்து, தந்தியில் மிஞ்சிய சக்தி மெதுவாகக் கசிகிறது. அதுதான் நாம் கேட்கும் நீண்ட கார்வை. கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் 1977இல் இதை விளக்கி எழுதியிருக்கிறார்.

இதை எனக்குக் காட்டுவதற்காக, கடைக்காரரின் அனுமதியோடு, ஒரு சுரத்தின் மூன்று தந்திகளில் ஒன்றை அவர் சாவியால் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைத்தார். அதே பியானோ, அதே கட்டை. அதற்குமுன் வறண்டு அணைந்த சுரம் இப்போது காற்றில் நின்றது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலை நகர்த்தி ஜீவா பிடிக்கும்போது திடீரென்று தந்தி உயிர்பெறுமே, அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பே அன்றும் ஏற்பட்டது. விலையுயர்ந்த பியானோவை வாங்குபவர்கள் இந்த மனிதரின் கைக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை நம் ஊரில் யாரும் போதிய அளவு பேசுவதில்லை. சுத்தியலின் கம்பளியை ஊசியால் குத்தி இளக்கினால் குரல் மென்மையாகும், இறுக்கினால் கூர்மையாகும். நாம் 'இது ஸ்டைன்வேயின் குரல்' என்று சொல்வதில் பாதி, கடைசியாக அதைத் தொட்ட டியூனரின் குரல்.

ஜப்பானியக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யமஹா, கவாய் இரண்டும் ஹமமாட்சு நகரத்தவை. 2010இல் வெளிவந்த யமஹா சிஎஃப்எக்ஸ், அந்த ஆண்டே வார்சாவின் சோபின் பியானோ போட்டியில் முதற்பரிசு பெற்றவர் வாசித்த பியானோ. ஒளி பொருந்திய, நேரான குரல், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் வேறுபாடே இல்லாத ஒழுங்கு. கவாயின் உயர்தர வரிசையான ஷிகேரு கவாய் அதைவிடச் சற்று நிழலான குரல் உடையது; நடு ஸ்தாயியில் மனிதக் குரலின் சாயல் இருந்தது. நான் சொல்லாமலேயே மாணவி மீண்டும் போய் அமர்ந்தது அதன் முன்னால்தான்.

ஃபாஸியோலியை இங்கே கேட்க வாய்க்கவில்லை. சிங்கப்பூரில் உறவினர் அழைத்துச்சென்ற ஓர் இல்லத்தில் முன்பு கேட்டதை வைத்தே எழுதுகிறேன். பாவ்லோ ஃபாஸியோலி 1981இல் இத்தாலியின் சாசிலே ஊரில் தொடங்கியது. ஒலிப்பலகைக்கு வால் டி ஃபியெம்மே பள்ளத்தாக்கின் ஸ்புரூஸ். 308 சென்டிமீட்டர் நீளமுள்ள மாடலும் அவர்களிடம் உண்டு. அதற்கு நான்காவது பெடல் வைத்துக்கொள்ளலாம். சுத்தியல்களைத் தந்திக்கு அருகே கொண்டுவந்து, குரலின் நிறம் மாறாமல் மெல்ல வாசிக்க உதவும். 2021இல் சோபின் போட்டியில் வென்றவர் வாசித்ததும் ஃபாஸியோலிதான். நீ முன்பு ஒரு கடிதத்தில் "அதன் தெளிவில் இரக்கம் இல்லை" என்று எழுதியிருந்தாய். அதை நான் ஏற்கவில்லை. கழுவித் துடைத்த பளிங்குபோல் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மெல்லிய வாசிப்பில் அது காட்டும் படிநிலைகள் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நல்ல விரல்கள் உள்ளவருக்கு அது பெரும் கொடை. கற்கும் பிள்ளைகள் மாறி மாறி வாசிக்கும் சங்க அரங்குக்கு அது ஏற்றதா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு.

1853ஆம் ஆண்டை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஸ்டைன்வே நியூயார்க்கிலும், பெக்ஸ்டைன் பெர்லினிலும், ப்ளுத்னர் லைப்சிக்கிலும் அதே ஆண்டில்தான் கடை திறந்தார்கள். ப்ளுத்னரின் மேல் ஸ்தாயியில் சுத்தியல் தொடாத நான்காவது தந்தி ஒன்று உண்டு. சித்தாரின் தரப் தந்திகள்போல, அது பக்கத்துத் தந்திகளின் அதிர்வில் தானாகவே ஒலிக்கும். ஒரு நாள் அதையும் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் அரங்கு. ஒன்பதடிப் பியானோவை 200 பேர் அமரும் அறையில் வைப்பது, நாதஸ்வரத்தை வரவேற்பறையில் வாசிப்பது போன்றது. நாம் இருவரும் இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்ட அந்தப் பெரும் ஒலி, ஏறத்தாழ 900 பேருக்காக அளந்து கட்டிய அறைக்கு உரியது. உங்களுக்கு ஏழடிக் கருவி போதும். அதைவிடக் குறைத்துவிடாதே, தந்தி குறுகக் குறுக, ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்து எழும் மேற்சுரங்கள் இயல்பான கணக்கிலிருந்து விலகி, அடி ஸ்தாயி கலங்கும். செப்புக் கம்பி சுற்றிய தந்திகள் முடிந்து வெறும் எஃகுத் தந்தி தொடங்கும் இடத்தில் குரல் மாறுவதும் சிறிய பியானோக்களில் நன்றாகத் தெரியும்.

என் தேர்வு பொசென்டார்ஃபரின் 225. அதில் கட்டைகள் 92. உங்கள் மேடையில் பாட்டும் வயலினும் மிகுதி என்பதால், பாடுபவரை மூடிவிடாத அந்தத் தெளிந்த மந்தரம் உங்களுக்குப் பொருந்தும். உனக்கு இளமை முதலே ஸ்டைன்வேமீது அன்பு என்பதை அறிவேன். 'பி' மாடலைத் தேர்ந்தால் நான் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் எந்தப் பெயரானாலும் நன்கொடையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று முதலிலேயே எழுதி வாங்கிவிடு. பினாங்கின் கடற்காற்றை நீ அறியாதவள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரங்கில் அருமையான கிராண்ட் பியானோ ஒன்றைப் பார்த்தேன். நிகழ்ச்சி நாளில் மட்டும் குளிர்சாதனத்தைப் போட்டு, மற்ற நாட்களில் அணைத்துவைத்திருந்தார்கள். ஈரத்தில் பருத்தும் குளிரில் சுருங்கியும் ஒலிப்பலகையில் விரிசல் விழுந்து, கட்டைகள் இறுகி, தந்திகளில் துரு ஏறியிருந்தது. தட்டிப் பார்த்தேன், கார்வையே இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பேச்சு வரவில்லை. காற்றின் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டையொட்டி ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பது கருவிக்கு உயிர். நம் டீச்சர் மழைக்காலத்தில் தம் பழைய அப்ரைட் பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே சிறு மின்விளக்கை எரியவிட்டு, "தொடாதீர்கள், சுடும்" என்று நம்மை விரட்டுவாரே, அந்த அக்கறைதான் இன்று கருவிகளின் துணையோடு தேவைப்படுகிறது.

முடிவு செய்வதற்கு முன் நீயே வந்து கேட்க வேண்டும். பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி என் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். முழங்காலை எண்ணி நான் காரோடு வருகிறேன். இரவு தங்கி, காலையில் பசியாறிவிட்டு மூன்று கூடங்களுக்கும் போவோம். டியூனர் வெள்ளிக்கிழமைகளில் ஈப்போவுக்குப் போய்விடுகிறார், ஆகவே வேறு நாளாகப் பார்த்து எழுது. வாசிப்பது இம்முறை நீயாக இருக்கட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு பத்தடி தள்ளி அமர்கிறேன்.

அன்புடன்,
மங்களம்