888 நாற்காலியும் காலி

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளை டெல்லிக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போவதைப் பற்றிப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஒன்பதாவது படிக்கும் என் மகளும் போன மே மாதம் போய் வந்தாள்.

குடியரசுத் தலைவர் மாளிகையைப் பார்த்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். 2002 முதல் 2007 வரை நம் கலாம் ஐயா இருந்த இடமாயிற்றே! அப்புறம் புதிய நாடாளுமன்றம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம். மக்களவைக்குள் மயில் வேலைப்பாடு, பச்சைக் கம்பளம், சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் 1947இல் சென்னையில் செய்த செங்கோல். எல்லாம் சொல்லிவிட்டு, "888 சீட்டும் காலிம்மா" என்றாள்.

மே மாதம் போனால் வேறு எப்படி இருக்கும்? பட்ஜெட் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலையில்தான். குளிர்காலக் கூட்டத்தொடரைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள், நமக்கு அரையாண்டு லீவே அப்போதுதான் ஆரம்பிக்கும். பள்ளி லீவைப் பார்த்தே தேதி குறித்தால் பிள்ளைகள் கேள்வி நேரத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

எங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் கூலிக்குப் போகும் என் வீட்டுக்காரர் அந்த இரண்டு மாதமும் கரையில் உட்கார்ந்து வலை சரி பார்ப்பார். அரசு தரும் 8000 ரூபாய் நிவாரணம் அரிசி பருப்புக்கே சரியாகப் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். என் காதில் கிடந்தது இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

நாடாளுமன்றத்தைச் சுற்றிக் காட்டியவரிடம், "கச்சத்தீவைப் பற்றி இங்கேதான் பேசினார்களா?" என்று மகள் கேட்டிருக்கிறாள். அவருக்குத் தமிழும் தெரியவில்லை, கச்சத்தீவும் தெரியவில்லை. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர்தான் பிறகு விவரம் சொன்னார். 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங், கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் பற்றி மக்களவையில் அறிக்கை வைத்தபோது, ராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். அது நடந்தது பக்கத்திலுள்ள பழைய கட்டடத்தில். பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் நடந்து போயிருப்பார்கள், யாரும் கை நீட்டிக் காட்டவில்லை. அந்தப் பேச்சு மக்களவைப் பதிவுகளில் இருக்கிறது. ரயில் ஏறுமுன் வகுப்பில் அதை வாசித்துக் காட்டியிருக்கலாமே!

ஜூலை, ஆகஸ்டில் கூட்டிப் போங்கள் என்று பள்ளிகளுக்கு நீங்களும் எழுத வேண்டும். நான்கைந்து நாள் பாடம் போனால் போகட்டும். எம்.பி. பரிந்துரைத்தால் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து அவை நடப்பதையே பார்க்கலாம். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட மீனவர்களைப் பற்றி அங்கே அடிக்கடி கேள்வி வருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது வீட்டு விஷயம். அதற்குள் படகும் கடலுக்குப் போயிருக்கும், எங்கள் கையிலும் நாலு காசு இருக்கும்.

மகளுக்கு அடுத்த வருஷம் பத்தாவது, இனி எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். தம்பி ஏழாவது படிக்கிறான். அவனையாவது ஜூலையில் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

ஒரு மாணவியின் தாய்,
தங்கச்சிமடம்