பெர்ன்ஹில்லில் மலை ரயில் மீண்டும் நின்று செல்ல வேண்டி: நான்காவது மனு

அனுப்புநர்: ஏரிக்கரை குடியிருப்பு மக்கள், பெர்ன்ஹில், உதகமண்டலம்.

பெறுநர்: உயர்திரு ரயில்வே கோட்ட மேலாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு பத்திரமாக வைத்திருக்கிறோம். பதில்தான் வரவில்லை. ஊட்டி ஏரியை ஒட்டி ரயில் போகும் இடம் தாங்கள் அறிந்ததே, அதனால் வழி விளக்கவில்லை.

1. 1908 செப்டம்பரில் இந்தப் பாதை பெர்ன்ஹில் வரைதான் வந்தது. அக்டோபரில்தான் ஊட்டிக்குப் போனது. ஒரு மாதம் எங்கள் ஊர்தான் கடைசி ஸ்டேஷன். இன்று ரயில் நிற்பதே இல்லை.

2. குன்னூருக்கு மேலே பல்சக்கரப் பாதை (செங்குத்து ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல் தண்டவாளம்) கிடையாது, டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேலில் நிற்கிற வண்டி இங்கே ஒரு நிமிடம் நிற்கக் கூடாதா?

3. எங்கள் பெரிய கஷ்டம் இதுதான் ஐயா. குன்னூர் போகும் ரயில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. அதில் ஏற நாங்கள் முதலில் எதிர்த்திசையில் ஊட்டிக்குப் போக வேண்டும். மற்ற நாளில் பரவாயில்லை, ஆட்டோ பிடித்துவிடலாம். ஏப்ரல், மே சீசனில் படகு இல்லம் பக்கம் ஒரு வண்டி நகராது. போன மே மாதம் என் அம்மாவை முழங்கால் வலிக்குக் குன்னூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன். ஏரி ரோட்டில் முக்கால் மணி நேரம் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தோம். எந்த ரயிலுக்காகப் புறப்பட்டோமோ அதே ரயில் எங்களுக்கு எதிரே வந்து, ஊதிக்கொண்டே கடந்து போனது. ஜன்னலோரப் பிள்ளைகள் கை ஆட்டினார்கள். அம்மாவும் பதிலுக்குக் கை ஆட்டினார். அன்று டாக்டரைப் பார்க்கவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அறுபது தாண்டியவர்கள் இருக்கிற எந்த வீட்டில் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். சீசனில் நெரிசலில் மாட்டாத ஒரே வண்டி இந்த ரயில். அதுதான் எங்களுக்கு நிற்காது!

4. "லவ்டேல் போய் ஏறுங்களேன்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். சரி, விடியற்காலைப் பனியில், காட்டெருமை நிற்கிற வழியில் அவர் ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

5. 2005-ல் இந்த ரயிலுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரம் வந்ததில் எங்களுக்கும் பெருமைதான். பழைய கல் ஒன்றைக்கூட அசைக்கச் சொல்லவில்லை. கூரை வேண்டாம், பெஞ்சு வேண்டாம். உட்கார இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டு போகிறோம். ரயில் நின்றால் போதும்.

ஒரு நிமிடம் ஐயா. காலையில் கீழே போகும்போது ஒன்று, மாலையில் திரும்பும்போது ஒன்று. முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். வருகிற ஏப்ரலுக்கு முன் உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரை குடியிருப்பு மக்கள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், மறுபடியும்.