மூலத்துக்கு முன்னால் வந்த மொழிபெயர்ப்பு: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே,

வணக்கம். 2008-இல் இலக்கிய நோபல் பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் லெ கிளேசியோ தென் கொரியத் தலைநகர் சியோலை வைத்து ஒரு நாவல் எழுதினார்: 'பிட்னா, சியோல் வானத்தின் கீழ்'. அதன் கொரிய மொழிபெயர்ப்பு 2017 டிசம்பரில் சியோல் கடைகளுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு மூலம் பாரிஸில் வெளியானதோ 2018 மார்ச்சில்தான். மூலத்தை மொழிபெயர்ப்பு முந்திக்கொண்ட இந்தக் கதையை உங்கள் காதில் போட்டுவைக்கத்தான் இந்த மடல்.

கதை இதுதான். ஜொல்லா மாகாணத்தில் மீன் விற்கும் குடும்பத்துப் பெண் பிட்னா படிப்பதற்காகத் தலைநகருக்கு வருகிறாள். கையில் காசில்லை. நோயில் படுத்திருக்கும் சலோமே என்ற பெண்ணுக்குக் கதை சொல்லும் வேலை கிடைக்கிறது. கதைக்குச் சம்பளம்! அவள் சொல்லும் கதைகளில் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பைக் கவனித்துக்கொள்ளும் சோ என்ற முதியவருடையது. மொட்டைமாடியில் தூதுப் புறாக்கள் வளர்க்கிறார். கூண்டோடு தூக்கிப்போய், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தொலைவிலிருந்து பறக்கவிட்டுப் பழக்குகிறார். கொரியப் போரில் வட கொரியாவிலிருந்து பிரிந்து வந்த குடும்பம் அவருடையது. என்றாவது ஒரு நாள் இந்தப் பறவைகள் எல்லைக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடாதா என்பது அவர் ஆசை.

பாரிஸ் வாசகர் இதைப் படித்து நெகிழ்ந்துபோவார், சரி. சியோலில் இதைப் படிப்பவர் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1983-இல் தென் கொரியத் தொலைக்காட்சி போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நேரலை ஒன்றைத் தொடங்கியது. அது 138 நாட்களில் 453 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அட்டையில் பெயரும் ஊரும் எழுதிப் பிடித்துக்கொண்டு மக்கள் நிலையத்து வாசலில் கிடையாய்க் கிடந்தார்கள். அந்தப் பதிவுகளை யுனெஸ்கோ 2015-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதைப் பார்த்து அழுத தலைமுறையின் கைக்குத்தான் சோவின் புறாக்கள் முதலில் வந்தன. யாருடைய துக்கத்தை எடுத்துக் கதையாக்கினாரோ, அவர்கள்தான் அதை முதலில் படித்து 'ஆமாம், இப்படித்தான்' என்றோ, 'இவருக்கு என்ன தெரியும்' என்றோ சொல்ல முடிந்தது. பிரெஞ்சு விமர்சகர்கள் அப்புறம்தான்.

இது தற்செயலாக வாய்த்தது என்று நினைக்க வேண்டாம். லெ கிளேசியோ 2001 முதலே கொரியாவுக்குப் போய் வந்தவர். நோபல் அறிவிப்புக்கு முன்பே சியோலின் இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். ஜெஜு பக்கத்து உடோ தீவையும் அங்கே மூச்சடக்கிக் கடலில் முக்குளிக்கும் பெண்களையும் வைத்து 2014-லேயே ஒரு குறுநாவல் எழுதியிருந்தார். 'பிட்னா'வைக் கொரிய மொழிக்குக் கொண்டுவந்த சொங் கி ஜங், அதே இஹ்வாவில் பிரெஞ்சுப் பேராசிரியர். பதிப்பகமும் சியோலுடையது, ஆங்கிலப் பதிப்பையும் அவர்களே போட்டார்கள். ஆள், மொழி, பதிப்பகம் மூன்றும் ஒரே ஊரில் தயாராக இருந்தன. அப்படித் தயாராக இருந்த இடத்துக்குத்தான் கைப்பிரதி போனது.

நம் கதைக்கு வருகிறேன். லெ கிளேசியோவின் குடும்ப வேர் மொரிஷியஸில். ரூபாய்த் தாளில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கும் நாடு அது. அந்தத் தீவுக்குக் கப்பலேறிய இந்தியக் கூலிகளை 1995-இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் பார்க்கலாம். பெரியம்மை பயத்தில் கரைக்கு அப்பால் ஒரு குட்டித் தீவில் எல்லோரையும் இறக்கிவிடுகிறார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் ஒரு பக்கம், கூலிகள் மறுபக்கம். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களும் போன ஊர் அது. அங்கிருந்தும் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்தும் பிரெஞ்சில் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய அடுத்த புத்தகத்தில் நம்மவர் வந்தால், அதைத் தமிழ்நாட்டில் முதலில் கேட்கப்போவது யார்?

நீங்கள் சொல்லப்போவது தெரியும். உரிமைத் தொகை, காகித விலை, விற்கிற பிரதி எத்தனை என்ற கணக்கு. எல்லாம் நியாயம்தான். ஆனால் பரிசு வந்து, ஆங்கிலத்தில் வந்து, அதற்குப் பிறகு நாம் கை நீட்டும்போது விலையும் ஏறியிருக்கும். மூலத்தோடு கூடவே வர வேண்டுமானால் ஆங்கிலத்துக்குக் காத்திருக்கவும் முடியாது, பிரெஞ்சிலிருந்து நேராகத்தான் வர வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பணம் என்றால் மட்டும் வர மாட்டார்கள். ஒப்பந்தத்தன்றே முன்பணம் கொடுங்கள். அப்படியே, பெயரை முன்னட்டையிலும் போடுங்கள். கொரியாவில் அது சாதாரண வழக்கம்.

பணத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. இந்திய மொழிகளில் பிரெஞ்சு நூல்கள் வர, தாகூர் பெயரில் பிரெஞ்சு அரசின் உதவித் திட்டம் இருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னையிலேயே பன்னாட்டுப் புத்தகக் காட்சி தொடங்கி, உரிமை பேச வெளிநாட்டவர் இங்கேயே வந்து உட்காருகிறார்கள். அடுத்த முறை பிரெஞ்சுக்காரர் மேசைக்குப் போகும்போது, சென்ற வருடப் பட்டியலைப் புரட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் அச்சுக்குப் போகாத கைப்பிரதிகளில் மொரிஷியஸோ ரீயூனியனோ புதுச்சேரியோ வருகிறதா என்று கேளுங்கள். வருகிறது என்றால், தமிழ் உரிமையை அன்றைக்கே பேசிவிடுங்கள்.

அன்புடன்,
பிரெஞ்சும் தமிழும் படிக்கும் ஒரு வாசகர்