பச்சைக் கோடும் டியூப் லெவலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பத்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

பூச்சு வேலைக்கு முன், சுவரில் பச்சைக் கோடு விழவைத்து மட்டம் காட்டும் லேசர் லெவல் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. எங்கள் மாடியில் டைல்ஸ் முடிந்துவிட்டது, இனி பெயின்ட்தான். என்னுடையதையே பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

டைல்ஸ் ஒட்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் பரணில் வைத்துவிடாதே. வந்ததும் முதல் வேலை, முடிந்த தரை எங்கே வரும் என்று கொத்தனாரோடு பேசி முடிவு செய்து, அங்கிருந்து 1 மீட்டர் உயரத்தில் எல்லா அறையிலும் ஒரே கோடு அடிப்பது. ஜன்னல் அடிமட்டம், சமையல் மேடை, ஸ்விட்ச் பெட்டி எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்கச் சொல். எலக்ட்ரீஷியன் ஒரு தரையிலிருந்தும் டைல்ஸ்காரர் இன்னொரு தரையிலிருந்தும் அளப்பதால்தான் பாதி வீடுகளில் போர்டுகள் ஏறி இறங்கி நிற்கின்றன. பூச்சில் கோடு மறைந்துபோகும். கதவு நிலையில் ஒரு குறி வைத்துக்கொண்டால் மறுபடி அடிப்பது சுலபம்.

கருவியில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. தூக்குக்குண்டைப் பெட்டிக்குள் அடைத்தது போலத்தான். உள்ளே ஓர் ஊசல், அதில் லேசர். ஸ்டாண்டு 4 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் தானே நேராகிவிடும். அதற்கு மேல் போனால் கோடு மின்னிக் காட்டும். இடம் மாற்றும்போதெல்லாம் பூட்டைப் போடு, இல்லாவிட்டால் ஊசல் அடிபடும்.

பஸ்ஸில் குலுங்கி வருவதால் ஒருமுறை சோதித்துவிடு. 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் வேண்டும். ஒரு சுவரை ஒட்டிக் கருவியை வைத்து இரண்டிலும் குறி. அப்புறம் எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோய், அங்கே குறித்த இடத்திலேயே கோடு விழும்படி ஸ்டாண்டை ஏற்றி இறக்கு. கருவியைத் திருப்பி முதல் சுவரைப் பார்த்தால், பழைய குறிக்கும் இப்போதைய கோட்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர்தான் இதற்குச் சொல்லியிருக்கும் பிழை. குறிக்கும்போது எப்போதும் கோட்டின் நடுவையே பிடி, கோட்டுக்கும் தடிமன் உண்டு.

வெயிலில் எதிர்பார்ப்பு வைக்காதே. பச்சை நம் கண்ணுக்குச் சிவப்பைவிட நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனாலும் நண்பகலில் திறந்த மாடியில் ஒன்றும் தெரியாது. காலையிலோ இருட்டும் நேரத்திலோ பார்.

உன் கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவலைத்தான் நம்புவார் என்று எழுதியிருந்தாய். நம்பட்டும்! லேசர் சுவரைத் தாண்டாது, தண்ணீர் டியூப் மூலை திரும்பிப் பக்கத்து அறைக்கும் போகும். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெளிச்சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நானும் அதையே பயன்படுத்தச் சொன்னேன்.

குளியலறையில்தான் கவனம். அங்கே உனக்கு வேண்டியது மட்டம் இல்லை, வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. பச்சைக் கோட்டைப் பார்த்துத் தரையையும் மட்டமாகப் போட்டுவிட்டால் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும். கோடு அப்படியே இருக்கட்டும். அதிலிருந்து கீழ்நோக்கி அள. கதவருகே 100 சென்டிமீட்டர் என்றால், 8 அடி தள்ளி, தண்ணீர் வெளியேறும் ஜாலி அருகே 102.5. மொட்டை மாடிக்கும் இதே வழிதான்.

அப்புறம், பேரப்பிள்ளைகள் வந்தால் கருவியைக் கண் உயரத்தில் வைக்காதே, லேசரை நேராகப் பார்க்க விடாதே. பேட்டரியையும் சார்ஜரையும் சேர்த்தே கட்டி வைக்கிறேன். எந்த பஸ் வசதி, யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று போன் செய்து சொல்.

அன்புடன்,
கதிரேசன்