தொப்புள்கொடி அன்று, இளங்கொடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பொங்கல் சிறப்பிதழின் மாட்டுப் பொங்கல் கட்டுரையில், 'கன்று ஈன்ற பசுவின் தொப்புள்கொடியை ஆலமரத்தில் கட்டும் மூடத்தனம் இன்னும் ஒழியவில்லை' என்ற வரியைப் படித்தேன். மரத்தில் கட்டுவது தொப்புள்கொடி அன்று, கன்று பிறந்தபின் வந்து விழும் நஞ்சுக்கொடியான இளங்கொடி. ஒருமுறையேனும் தொழுவத்தில் கண்விழித்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

பசு கன்று போட்ட இரவுகளில் என் அம்மா அரிக்கேன் விளக்கோடு கட்டுத்தறி அருகிலேயே உட்கார்ந்திருப்பார். கொடி விழுந்ததும் அதை வைக்கோலில் பொதிந்து, பழைய சாக்கில் கட்டி, விடிவதற்குள் ஊர்க்கோடி ஆலமரத்தில் தொங்கவிட்டு வர வேண்டும். பால் வடியும் மரத்தில் கட்டினால் மடியிலும் பால் ஊறும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை பொய்யாகவே இருக்கட்டும். அதற்காகக் காத்திருந்ததால்தான் கொடி முழுதாக விழுந்ததா, உள்ளே தங்கிவிட்டதா என்பது எங்களுக்குத் தெரிந்தது. பசு அதைத் தின்னாமலும், நாய் இழுத்துப் போகாமலும் பார்த்துக்கொள்ள முடிந்தது. சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்தால் நோய் பரவாது என்று கால்நடை மருத்துவர் சொன்ன நாள் முதல் புதைத்துத்தான் வருகிறோம். எங்களை மூடர் என்று அழைக்காமலே அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

எல்லா வழக்கத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. உடலிலுள்ள மயிர்ச்சுழி சரியில்லை என்று கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் என் தந்தை பாதி விலைக்குத் தள்ளிவிட்ட காங்கேயம் காளை, வாங்கியவரின் காட்டில் பல ஆண்டுகள் ஏர் இழுத்தது. அவர் குடும்பத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால், மாட்டுச் சுழி பார்ப்பவரை ஏளனம் செய்யும் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே வார ராசிபலனை அச்சிடும் தங்கள் பகுத்தறிவைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள இயலவில்லை.

2017 ஜனவரியில் நாட்டு மாடுகளின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதியதும் தாங்கள்தாம். இந்த ஆண்டு 'காங்கேயம் காளை' என்று தாங்கள் அச்சிட்ட படத்தில் நிற்பதோ திமிலே இல்லாத கலப்பினப் பசு. அதன் மடியும் படத்தில் தெளிவாகவே தெரிகிறது. பட்டிப் பொங்கல் பற்றிச் சென்ற ஆண்டு நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லாமல் போனது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த இதழில் 'தொப்புள்கொடி' என்பதை 'இளங்கொடி' என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
வெள்ளகோவில்.