திட்டிவிட்டேனே என்று அழும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று போனில் நீ மகளுக்கு வந்த வலிப்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதற்கு முந்தைய பத்து நாளைப் பற்றித்தான் பேசினாய். தூங்காமல் கத்தினாள், தம்பியைக் கடித்தாள், அடம் என்று நினைத்து ஓர் அடி வைத்துவிட்டேன் என்று அழுதாய்.

அது அடம் இல்லை, அம்மா. என்எம்டிஏ மூளை அழற்சி என்ற இந்த நோய் அப்போதே தொடங்கிவிட்டது. என் மகனுக்கு வந்தபோது நானும் கை ஓங்கியவள்தான்.

கிருமியோடு சண்டை போட வேண்டிய ஆன்டிபாடி, மூளை நரம்பு செல்களில் செய்தி வாங்கும் என்எம்டிஏ ரிசெப்டர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்புறம் தூக்கம், பேச்சு, குணம் எல்லாமே தடுமாறும். வாயும் கையும் தானாக அசையும், வலிப்பு வரும். நரம்பியல் மருத்துவர் டால்மாவ் குழுவினர் இந்த ஆன்டிபாடியை அடையாளம் கண்டதே 2007-ல்தான். அதுவரை மருத்துவர்களுக்கே பிடிபடாத நோயை நீ பத்து நாளில் கண்டுபிடித்திருக்க முடியுமா?

எம்ஆர்ஐ நார்மல் என்றதும் குழம்பினாயே, பல குழந்தைகளுக்கு அப்படித்தான் வரும். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் ஆன்டிபாடி இருந்தது, அதுதான் உறுதி. இரத்தத்தில் மட்டும் பார்த்தால் சில நேரம் தவறிவிடும். வயிற்று ஸ்கேன் கேட்டாலும் பதறாதே. சிலருக்குச் சினைப்பைக் கட்டி இதைத் தூண்டும். சின்னப் பெண்களிடம் அது குறைவு, ஆனாலும் பார்த்துவிடுவார்கள்.

வலிப்பு மருந்து மட்டும் இதற்குப் போதாது. தவறாகத் தாக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்க ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் தொடங்கியது சரிதான். அவை போதாவிட்டால் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் உண்டு. 577 நோயாளிகளை வைத்து 2013-ல் வந்த ஆய்வில், இரண்டு வருட முடிவில் ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். ஒன்றரை வருடம் வரைகூட முன்னேற்றம் தொடர்ந்தது. ஆகவே வாரக் கணக்கில் எதிர்பார்த்து மனம் உடையாதே.

அந்தப் பத்து நாளையும் தேதி போட்டு எழுதி வை. சிலருக்கு நோய் திரும்பி வருவதுண்டு. அப்போதும் அது தூக்கத்திலும் குணத்திலும் தொடங்கினால் முதலில் உனக்குத்தான் தெரியும். உடனே டாக்டரிடம் சொல். உடம்பு தேறும்போதும் கோபம் வரும், கடைசியில் சரியாவது பெரும்பாலும் குணம்தான். அப்போதும் அடம் என்று எண்ணிவிடாதே.

இன்னொன்று. நோயின் நாட்கள் பலருக்கு நினைவில் தங்குவதில்லை. என் மகன் தேறி வந்த பிறகு ஒரு நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றான்.

அன்புடன்,
அக்கா